அந்த வீட்டில் உருப்படியான ஒரே சுவர்

ஒரு ஊரிலே ஒரு சுவர் இருந்ததாம். ராஜா இல்லை, ராணி இல்லை, ஏழு கடல் தாண்டிப் போகவும் வேண்டாம். ஒரே ஒரு சுவர். அதை ஒருத்தன் காலையில் உடைத்தானாம், அவனே திரும்ப மூடினானாம். உடைத்த தடம் உடைத்தவனுக்கே தெரியவில்லையாம். எப்படி இருக்கிறது சார் கதை? உட்காருங்க. அந்த ஓரம் ஆடும், இப்படி வாங்க. உடைத்தவனும் நான்தான், மூடினவனும் நான்தான்.

நீங்க அந்தப் பதினாலாம் நம்பர் வீட்டைப் பார்த்துவிட்டுத்தானே வர்றீங்க? தெரியும். இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டேப்பு பிடித்து வாசலை அளந்தீங்க. சாக்கடை மூடியைக் காலால் அழுத்திப் பார்த்தீங்க. சந்து முனையில் நின்று கார் திரும்புமா என்று கையை இப்படியும் அப்படியும் வளைத்தீங்க. திரும்பாது சார். ஆட்டோ திரும்பும். ஆம்புலன்ஸ் வந்தால் முனையிலேயே நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். இதையெல்லாம் அந்த வீட்டுக்கார அக்கா சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

பாய், சாருக்கு ஒரு டீ. சர்க்கரை அளவாகப் போடு. என்ன பாய் முறைக்கிறே? பாலைப் பாரு, பொங்குது.

இவர் பரக்கத் பாய். நல்ல மனுஷர். நான் யாரிடமாவது பேச உட்கார்ந்தால் மட்டும் இவருக்கு ஆகாது. அது கிடக்கட்டும்.

என் பெயர் சூசைமாணிக்கம். பாலக்கரையிலிருந்து உறையூர் வரைக்கும் சூசை மேஸ்திரி என்று கேட்டால் காட்டுவார்கள். வீடு கட்டுகிற மேஸ்திரி திருச்சியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய வீட்டை வாங்கப் போகிறவர்கள், 'ஒரு நடை வந்து பார்த்துச் சொல்லுங்க' என்று கையோடு கூட்டிக்கொண்டு போகிற மேஸ்திரி நான் ஒருத்தன்தான். இந்தப் புளியங்குச்சியைப் பாருங்க. முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறது. சுவரில் மூன்று தட்டு. கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. டக், டக், டக். அவ்வளவுதான். உள்ளே ஈரமா, பொக்கையா, கரையானா, எல்லாம் சொல்லிவிடுவேன். மூன்றாவது தட்டு முடிகிறதற்குள் விற்கிறவர் முகம் மாறும் பாருங்க, அதையும் பார்த்துக்கொள்வேன்.

நீங்க மத்தியானத்தில் வந்து பார்த்தது தப்பு சார். பழைய வீட்டை மழை பெய்த மறுநாள் பார்க்க வேண்டும். விடிகாலை தண்ணீர் வருகிற நேரத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். குழாயடியில் யார் யாரை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று கேட்டால் தெருவே தெரிந்துவிடும். அலமாரியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். ஆனால் இந்த வளையல்காரச் சந்தில் விசாரிக்காதீங்க. எல்லாரும் பொய் சொல்வார்கள். 'தங்கமான வீடு, தங்கமான மனுஷங்க.' இதோ இந்த பாய் உட்பட. கேட்டீங்கதானே இவரிடம்? என்ன சொன்னார்? பார்த்தீங்களா. நல்ல வீடாம். உள்ளதைச் சொல்கிறவன் இந்தச் சந்தில் நான் ஒருத்தன்தான்.

அந்தச் சுவரைப் பார்த்தீங்க இல்லையா? உள்ளே இரண்டாவது அறை, பக்கச் சந்தைப் பார்த்த சுவர். நடுவிலே ஆள் உயரத்துக்குச் சிமெண்டைக் கொண்டுபோய் அப்பிவைத்திருக்கிறான் பாருங்க, சாணி அப்பின மாதிரி. நீங்க அதைத் தொட்டுப் பார்த்திருப்பீங்க. தொட்டுவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்திருப்பீங்க. அது என் வேலை இல்லை சார். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நாளைக்கு நீங்களே அந்த வீட்டை வாங்கி, வருகிறவர்கள் போகிறவர்களிடம், 'இது சூசை மேஸ்திரி அடைச்சது' என்று சொல்லிவிடக் கூடாது பாருங்க.

என் வேலை அதற்கு முன்னால் இருந்தது. பதினோரு வருஷம் இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்த அக்கா பெயர் மங்கையர்க்கரசி. அவர் வீட்டுக்காரர் போய் ரொம்ப காலம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், உமையாள். அடுத்தவன் செவ்வேள். அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வயசு வித்தியாசம், ஆனால் இரட்டைப் பிள்ளை மாதிரிதான் திரிவார்கள். அந்தப் பெண் இருபத்து மூன்று வயசில் மஞ்சள்காமாலை வந்து, பதினைந்து நாள் படுத்து, அந்த இரண்டாவது அறையில் போய்விட்டது. போன நட்சத்திரம் சதயம்.

உங்கள் வீட்டிலெல்லாம் பார்ப்பார்களா சார், இந்த அடைப்பு? நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், எங்களுக்கு அது கிடையாது. ஆனால் வேலை பார்த்துப் பார்த்து எனக்குப் பஞ்சாங்கமே மனப்பாடம். அவிட்டத்திலிருந்து ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரம். அதில் உயிர் போனால் ஆறு மாசம் அந்த அறையைப் பூட்டிவைக்க வேண்டும், சாயங்காலமானால் விளக்கு மட்டும் வைக்க வேண்டும். இன்னும் ஒன்று, பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரை உடைத்து அந்த வழியாக எடுப்பார்கள். எடுத்த கையோடு மூடிவிடுவார்கள். ஏனென்றால் வாசல் வழியாகப் போனால் வாசலைத் தெரிந்துவைத்துக்கொண்டு திரும்பி வருமாம். சுவர் வழியாகப் போனால், மூடினபிறகு வழி தெரியாதாம். வந்து வந்து பார்த்துவிட்டுப் போய்விடுமாம்.

இப்போதெல்லாம் யாரும் உடைக்கிறதில்லை. ஓட்டை ஒன்று பேருக்குப் போட்டுவிட்டு வாசல் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு வந்த பங்காளிகள் விடவில்லை. உடைத்தே ஆகவேண்டும் என்று நின்றார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றடி அகலம், ஆள் உயரம், உடைத்துக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த அக்கா அப்போது ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். "தம்பி, இங்க ஒரு வழி இருந்துச்சுன்னே தெரியாதபடிக்கு அடைச்சுக் குடுங்க. இந்தப் பய தெனம் இதைப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்ல."

அதற்காகச் செய்தேன் சார். வேறு எவனாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் சிமெண்டைப் போட்டு அடைத்துவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பான். நான் என்ன செய்தேன்? உடைத்த அதே நாட்டுச் செங்கலை ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கழுவினேன். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, பழைய கட்டுக்குள் பல்லுக்குப் பல் சேர்கிற மாதிரி கோத்தேன். மேலே பூச்சு. பூச்சு வெள்ளையாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா? பழைய சுவர் பழுப்பு. அதற்கு என்ன செய்தேன் தெரியுமா? இதே பாய் கடையில் டிகாக்‌ஷன் வாங்கிக் கலந்தேன். ஒரு சொம்பு. கேளுங்க அவரிடம். பாய், கொடுத்தியா இல்லையா? சரி, பேசாட்டிப் போ. பெரிய வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. பூச்சுக்கு இன்னும் மூன்று நாள் போனேன். நாலாம் நாள் நானே கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எனக்கே தெரியவில்லை. என் கையால் நூறு வீடு கட்டியிருக்கிறேன் சார். அந்த மூன்றடி மாதிரி இன்னொன்று வரவில்லை.

அந்தப் பையன் செவ்வேள், அப்போது இருபது வயசு, காலேஜில் கடைசி வருஷம். அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே ஒவ்வொரு கல்லாக எடுத்து என் கையில் கொடுத்தான். பாதி ஏறினபிறகு, "மேஸ்திரியண்ணே, இதை அடைச்சிட்டா அக்காவுக்கு வழி எப்படித் தெரியும்?" என்றான். தெரியக் கூடாது என்றுதானே அடைக்கிறோம், இதை அவனிடம் சொல்ல முடியுமா? கண்ணிலிருந்து கடகடவென்று கொட்டுகிறது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"அட ஏண்டா அழுவுற, நான் கட்டுற செவுருடா இது. இங்க தட்டுனா அங்க கேக்கும். இந்தா பாரு" என்று தட்டிக் காட்டினேன். மூன்று தட்டு. "கேட்டுச்சா? அந்தப் பக்கம் யாரு நின்னாலும் கேக்கும்."

உடனே அழுகை நின்றுவிட்டது சார். அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தான். எனக்கு அந்த ராசி உண்டு. துக்க வீட்டில் யாராவது அடங்காமல் அழுதால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்புறம் அவன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். ஆறு மாசம் பூட்டின அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். பூட்டைத் திறந்தபிறகு உள்ளே போய் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தான். காலேஜுக்குப் போகவில்லை. வேலைக்குப் போகவில்லை. தாடி வளர்ந்தது. தட்டுவான். விரல் முட்டியால் மூன்று தட்டு, பிறகு காதை வைத்துக் கேட்பான், பிறகு மூன்று தட்டு. கணுக்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்கு மேலே. அச்சு என்னைப் போலவே. எங்கேதான் கற்றுக்கொண்டானோ, எனக்கே ஆச்சரியம்.

டாக்டர் என்ன சொன்னார் என்றால், முதலில் இவனை அந்தச் சுவரை விட்டுப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போங்க, மற்றது பிறகு என்றார். அக்காவின் தங்கச்சி ஈரோட்டில் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டான், வந்து சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். வீடு அடுத்தவர் கைக்குப் போனால்தான் திரும்பி வர இடமிருக்காது என்று அக்கா முடிவு பண்ணினார்கள். விற்றுவிட்டு ஈரோட்டில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்வது. இந்தச் சந்து முழுக்கத் தெரியும் இது. அதனால்தான் எல்லாரும் வருகிறவர்களிடம் ஒரே வாயாகப் பொய் சொன்னார்கள். இந்தச் சந்தில் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்ச் சண்டையில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டு, தங்கமான வீடு, தங்கமான வீடு.

போன வருஷம் ஐப்பசியில் ஒருத்தர் வந்தார். தீனதயாளன், ரிட்டயர்டு இன்ஜினியர், நெடுஞ்சாலைத் துறை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மலைக்கோட்டையைப் பார்த்த மாதிரி ஒரு பழைய வீடு வாங்கி உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர் சம்சாரம் சுகுணா அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டார்கள். மூன்றாம் தடவை என்னைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரவில்லை. நின்றபடியே, "தம்பி, நாளைக்கு உங்களைத்தான் கூட்டிட்டு வாராங்களாம். நீங்க பொய் சொல்ல வேணாம். கேக்காததைச் சொல்லாம இருந்தாப் போதும்" என்றார்கள்.

"என்னக்கா இது, மாதா மேல சத்தியம், நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றேன்.

அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை சார். அதை நீங்க நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணி. பையனை பாய் கூட்டிக்கொண்டு வந்து இதே பெஞ்சில் உட்காரவைத்து டீயும் பன்னும் கொடுத்துவைத்துக்கொண்டார். நீங்க உட்கார்ந்திருக்கிற இடம்தான். நாங்கள் உள்ளே போனோம். நான் குச்சியை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தேன். முன் அறைச் சுவர், கீழே ஈரம், சொன்னேன். மாடிப்படிக்கு அடியில் கரையான், சொன்னேன். மேல்தளத்தைத் தாங்குகிற கட்டையில் ஒன்று மாற்ற வேண்டும், சொன்னேன். அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாவது அறைக்கு வந்தோம். நான் தட்டினேன், தட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன். மாதா மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேனே.

அவர்தான் வாயைத் திறந்தார். சுவரைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "சுகுணா, இங்க வந்து பாரு. இந்த வீட்டிலேயே உருப்படியான ஒரே சுவர் இதுதான். எப்படிக் கோத்திருக்கான் பாரு. இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தின கை. இப்ப இருக்குற கொத்தனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன மேஸ்திரி, வருமா?" என்றார்.

கேட்டாரா இல்லையா சார்? கேட்காததைச் சொல்லக் கூடாது, சரி. கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டபிறகும் வாயை மூடிக்கொண்டு நின்றால் அது பொய் சொன்ன மாதிரி ஆகாதா?

"அது என் கை சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "எது?"

"இந்த மூணடி. இங்கேருந்து இங்க வரைக்கும். நான் அடைச்சது. பதினோரு வருஷம் ஆவுது."

"அடைச்சதா? என்னத்தை அடைச்சது?"

அக்கா அப்போதுதான் மூன்று தம்ளரில் மோர் எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்றார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைத்தது, கழுவினது, கடுக்காய், டிகாக்‌ஷன், எல்லாம் சொன்னேன். இன்ஜினியருக்கு விளக்கிச் சொன்னால்தானே புரியும்? எதற்கு உடைத்தீங்க என்றார். அதையும் சொன்னேன்.

சுகுணா அம்மா சரியாக அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. சட்டென்று காலைப் பின்னால் எடுத்தது. பிறகு, "எந்த நட்சத்திரம்?" என்று கேட்டது, என்னிடம் இல்லை, வாசல்படியைப் பார்த்து.

"சதயம்" என்றார்கள் அக்கா. "ஆறு மாசம் அடைச்சு வெச்சிருந்தோம். விளக்கு வெச்சோம். எண்ணெய்க் கிண்ணம் தானம் குடுத்தாச்சு. எல்லாம் முறையாச் செஞ்சாச்சும்மா."

"செஞ்சிருப்பீங்க. நான் ஒண்ணும் சொல்லல. எங்க பொண்ணு மாசமா இருக்கா, இங்கதான் பிரசவத்துக்கு வருவா…" சொல்லிக்கொண்டே அந்த அம்மா வெளியே போய்விட்டது. பின்னாலேயே அவரும் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது என் தோளைத் தட்டி, "அருமையான வேலை மேஸ்திரி" என்றார் சார். அந்த நேரத்திலும் சொன்னார் பாருங்க. படித்தவன் படித்தவன்தான்.

மோர் அப்படியே இருந்தது. அக்கா தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தார்கள். அதில் நான் ஒன்றையாவது குடித்திருக்கலாம், தோன்றவில்லை.

இங்கே வந்து உட்கார்ந்தால் இந்த பாய், "யோவ் சூசை, மொதல்ல உன் வாய்க்கு ஒரு செவுரு கட்டுய்யா" என்றார். அவ்வளவு பேருக்கு முன்னால். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது சார். தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீங்க. அந்த வாரம்தான் அக்கா செவ்வேளை எப்படியோ சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். ஈரோட்டுக்குப் போகலாம் என்று. எப்படிச் சம்மதித்தான்? புது விலாசத்தை உமையாள் அக்காளிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றானாம். இரண்டு நாள் சுவரைத் தட்டித் தட்டி, தெருப் பெயர், கதவு நம்பர், எல்லாம் சொல்லியிருக்கிறான். சொல்லி முடித்து, 'சரி, அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, போலாம்மா' என்று அவனே பெட்டியை எடுத்து வைத்தானாம். பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் தாடியை எடுத்தான். பாய்தான் கூட்டிக்கொண்டு போய் எடுத்துவிட்டார்.

இப்போது போகவில்லை என்று ஆனதும் அவனுக்கு என்ன ஆயிற்று? அவள் ஈரோட்டுக்குப் போயிருப்பாள், அங்கே நாங்கள் இல்லை, அந்நியத் தெருவில் நிற்பாள் என்று ஆரம்பித்தான். தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தான். நாலு நாள் தட்டினான். அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் அக்கா ரேஷனுக்குப் போயிருந்த நேரம், கடப்பாரையை எடுத்துவிட்டான்.

நான் போய்ப் பார்த்தேன் சார். உடைத்த வேலையைப் பார்க்க வேண்டுமே நீங்க. நான் கோத்த இடத்தைவிட ஒரு கல் அதிகமாக எடுக்கவில்லை, குறைவாகவும் எடுக்கவில்லை. எந்தக் கல் முதலில், எந்தக் கல் கடைசியில் என்று அவனுக்குத் தெரியும்; அவன்தானே எடுத்துக் கொடுத்தவன். ஒவ்வொன்றாகக் கழற்றி, அறைக்குள் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, அந்த வழியாகவே வெளியே போய்விட்டான். செருப்பு வாசலில் கிடந்தது.

மூன்று நாள் தேடினோம். நானும்தான் தேடினேன், யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் பாய் கண்டுபிடித்தார். உமையாளைக் கொண்டுபோன ஓயாமாரியில். சுடுகாட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். வலது கையில் விரல் முட்டி இரண்டில் தோலே இல்லை. பாய் ஆட்டோவில் மடியில் போட்டுக் கொண்டுவந்தார்.

இப்போது மாடியில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனபோது மேலே சத்தம் கேட்டதா சார்? டக், டக், டக் என்று? என்ன சொன்னார்கள் அக்கா? பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறதா? பக்கத்து வீடு பிளாஸ்டிக் குடோன் சார். அங்கே என்ன வேலை? அவன்தான். மாடியில் கட்டிலோடு ஒரு கால் கட்டியிருக்கிறது. நீளமான வேட்டிக் கிழிசல்தான், வலிக்காது.

இதெல்லாம் போகட்டும். நடந்தது நடந்துவிட்டது. என் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது வேறு. அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் இல்லையா? நான் பதினைந்து வீடு தள்ளி இருக்கிறேன். அதே செங்கல் அடுக்கிக் கிடக்கிறது, ஒன்றுகூட உடையவில்லை. அதே மாதிரி, பார்த்தால் தெரியாதபடிக்கு, ஒரு வாரத்தில் செய்து கொடுத்திருப்பேன். கூலி வேண்டாம் என்று நானே போய் நின்றேன்.

அக்கா என்ன சொன்னார்கள் தெரியுமா? "வேணாம் தம்பி. நல்லா அமைஞ்சிட்டா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க."

இதற்கு என்ன சார் அர்த்தம்? நானும் ஒரு வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். நன்றாக அமைந்தால் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? எங்கிருந்தோ ஒருத்தனைக் கூட்டிவந்தார்கள், ஹாலோ பிளாக்கை வைத்து, மேலே சிமெண்டை அப்பி, இரண்டு மணி நேரத்தில் அடைத்துவிட்டுப் போய்விட்டான். ரசமட்டம் வைத்து மட்டம்கூடப் பார்க்கவில்லை. இப்போது வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். இங்கே என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். மழையில் இடிந்தது என்கிறார்கள் அக்கா. கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை வருமா? என் சுவர் இருந்திருந்தால் யாருக்காவது கேட்கத் தோன்றியிருக்குமா, நீங்களே சொல்லுங்க.

அதற்கப்புறம் நாலு பேர் வந்தார்கள். பொன்மலையிலிருந்து ஒரு ரயில்வேக்காரர், ஒரு வாத்தியாரம்மா, கல்யாணம் ஆன புதுசில் ஒரு ஜோடி, ஒரு நகைக்கடைக்காரர். நாலு பேரும் பார்த்துவிட்டு இந்த வழியாகத்தான் போக வேண்டும். நாலு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். காசு வாங்கவில்லை சார். இப்போதெல்லாம் என்னை யாரும் வீடு பார்க்கக் கூப்பிடுவதில்லை. நானாகச் சொல்கிறேன். ஒரு மனுஷன் ஆயுசெல்லாம் சேர்த்துவைத்ததைக் கொண்டுவந்து போடுகிறான், அவனுக்கு உள்ளது தெரிய வேண்டாமா?

இரு பாய், பேசிக்கொண்டிருக்கிறேன் இல்லையா? டீ குடிச்சாச்சு, குடிச்சாச்சு. சார் எழுந்திருக்கட்டும், நானும் எழுந்திருக்கிறேன்.

ஆனால் வீடு நல்ல வீடு சார். அதையும் சொல்லிவிடுகிறேன், என் மேல் பழி வரக் கூடாது. அஸ்திவாரம் மலை மாதிரி. கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும். முன் அறை ஈரத்தைச் சரிபண்ணிவிடலாம், கரையானுக்கு மருந்து அடித்தால் போகும். நீங்க வாங்குங்க. வாங்கி என்னைக் கூப்பிடுங்க. அந்த ஹாலோ பிளாக்கை ஒரு நாளில் பெயர்த்து எறிந்துவிட்டு… அந்தப் பழைய செங்கல் பின்கட்டில்தான் கிடக்கிறது, பார்த்துவைத்திருக்கிறேன்… பழைய மாதிரியே கோத்துக் கொடுக்கிறேன். கூலிகூட வேண்டாம். அந்த மூன்றடி திரும்ப நின்றுவிட்டால் போதும் எனக்கு.

என்ன, எழுந்துவிட்டீங்க? டீ அப்படியே இருக்கிறது. இருங்க சார், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? அங்கே பாருங்க, அக்கா வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். நீங்க முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தீங்க போல. கையில் சாவிக்கொத்து இருக்கிறது பாருங்க. இனி மறைக்க வேண்டாம் என்று மாடியைத் திறந்து காட்டத்தான் இருக்கும். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க, பாவம், மத்தியானத்திலிருந்து காத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சார். சார்! வீடு இந்தப் பக்கம். அது பஸ் போகிற ரோடு.

போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தியா பாய், இந்தக் காலத்து மனுஷர்களை? ஒரு நன்றி கிடையாது. அக்கா இன்னும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் பக்கம் பார்க்கிறார்கள்… உள்ளே போய்விட்டார்கள்.

நான் என்ன பாய் தப்பாகச் சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்? அவர் கேட்டார், நான் சொன்னேன். கேட்காமல் சொன்னேனா? ஏன் அடுப்பை அணைக்கிறே? மணி நாலரைகூட ஆகவில்லையே. அது யாருக்கு டீ, பன்னெல்லாம் எடுத்துக்கொண்டு? மாடிக்கா?

பாய். பாய், என் டீக்கு எவ்வளவு? பாய்! கடையை இப்படியே போட்டுவிட்டு எங்கே போறே?